விளம்பரங்களிலும் அனிமேஷன் படங்களிலும் வரும் பச்சோந்தி நிஜப் பச்சோந்தி மாதிரிதானா?

இந்தக் கேள்வி கேட்கிறீர்கள் என்றால், உங்கள் வீட்டில் ஒரு குழந்தை, பச்சோந்தி வரும் 'டாங்கில்ட்' அனிமேஷன் படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறது. இல்லையென்றால் கலர் கலரான கூலிங்கிளாஸ்கள் மேல் ஏறி நொடியில் நிறம் மாறும் பச்சோந்தி வீடியோ உங்களுக்கும் வாட்ஸப்பில் வந்திருக்கிறது. இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். அது 2009-இல் ரேபான் நிறுவனம் விட்ட விளம்பரம். யாரோ வீட்டில் எடுத்த மாதிரி எடுத்து, நிறத்தைக் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள்.

எனக்கு இதில் ஆறாத கோபம் ஒன்று உண்டு. சென்னையில் அனிமேஷன் வேலை பார்க்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பெயிண்ட் விளம்பரத்துக்குப் பச்சோந்தி செய்யும் வேலை வந்தது (கம்பெனி பெயர் வேண்டாம்). சுவர் நிறம் மாற மாற அதுவும் மாற வேண்டும். கடைசியில் பூப்போட்ட சுவர் முன்னால் அதன் உடம்பிலும் பூ வர வேண்டும். மாதிரிக்கு என்று எனக்கு அனுப்பியது எது தெரியுமா? அதே கூலிங்கிளாஸ் வீடியோதான்.

ஒரு மிருகத்தைச் செய்யும் முன் அதை நேரில் பார்த்துவிட வேண்டும் எனக்கு. சொந்த ஊர் செங்கம் பக்கம். அங்கே முள்வேலியில் பொறுமையாகத் தேடினால் பச்சோந்தி கண்ணில் படும். பிடிக்கவில்லை, தொடவில்லை, தள்ளி நின்று போனில் எடுத்ததுதான். 1972 வனவிலங்குச் சட்டத்தில் அதற்குப் பாதுகாப்பு உண்டு என்று யாராவது கிளம்பி வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

அதன் நடைதான் அதிசயம். ஒரு அடி எடுத்து வைக்க முன்னும் பின்னும் ஆடும், நிற்கும், மறுபடி ஆடும். காற்றில் அசையும் இலையோ என்று நமக்கே சந்தேகம் வரும். முன்னங்காலில் விரல்கள் உள்பக்கம் மூன்று, வெளிப்பக்கம் இரண்டாகச் சேர்ந்திருக்கும். பின்னங்காலில் அது மாறி வரும். குறடு போலக் கிளையைக் கவ்வும். இதையெல்லாம் அப்படியே செய்து கொண்டுபோய்க் காட்டினேன். டைரக்டர் பார்த்துவிட்டு, "ப்ரோ, ஏன் ஸ்டக் ஆகுது? ரெண்டரிங்ல ஏதாவது பிரச்சினையா?" என்றார்.

நிறத்துக்கு வருவோம். பின்னணியைப் பார்த்து அதே மாதிரி மாறுவது பச்சோந்தியின் வேலையே இல்லை. ஆண் ஆணை மிரட்டும்போது, பெண்ணைக் கவரும்போது, பயத்தில், வெயிலில், குளிரில் மாறும். 2015-இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தில் மடகாஸ்கர் பச்சோந்தி ஒன்றின் தோலை ஆராய்ந்து சொன்னார்கள்: தோல் செல்களுக்குள் குவானின் என்ற பொருளின் நுண்ணிய படிகங்கள் அடுக்காக இருக்கின்றன. அமைதியாக இருக்கும்போது அவை நெருக்கமாக நின்று நீல ஒளியைத் திருப்பும். மேலே இருக்கும் மஞ்சள் நிறமியோடு சேர்ந்து பச்சையாகத் தெரியும். கிளர்ச்சி வந்தால் இடைவெளி கூடி மஞ்சள், சிவப்புப் பக்கம் போகும். அதுவும் கண் இமைக்கும் நேரத்தில் இல்லை, நிமிடக் கணக்கு. நம்ம ஊர்ப் பச்சோந்திக்கு அந்த அளவு வண்ணமும் கிடையாது. பச்சை, மஞ்சள், பழுப்பு, கொஞ்சம் புள்ளி, பட்டை. அவ்வளவுதான்.

ஒளிந்துகொள்ள நிறம் மாறவே மாறாதா என்று சண்டைக்கு வராதீர்கள். தென்னாப்பிரிக்காவின் சில குட்டைப் பச்சோந்திகள் பறவைக்கு ஒரு மாதிரி, பாம்புக்கு ஒரு மாதிரி மாறுவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் பூப்போட்ட சுவர்? வாய்ப்பே இல்லை.

படங்கள் விளம்பரங்களைவிட எவ்வளவோ மேல். பாலைவனத்தில் மாட்டிக்கொள்ளும் ஒரு பச்சோந்திதான் 'ராங்கோ' (2011) படத்தின் ஹீரோ. அதன் கூம்புக் கண்ணைப் பாருங்கள். செதில் இமை மூடி, நடுவில் மட்டும் ஒரு சின்ன ஓட்டை. நிஜத்திலும் அப்படித்தான். இரண்டு காலில் நடக்கிறது, பேசுகிறது, அது கதைக்காக. பாலைவனத்தில் பச்சோந்தியா என்று சிரிக்கிறவர்களுக்கு: ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவனத்திலேயே ஒரு இனம் இருக்கிறது. காலையில் கறுத்து வெயில் வாங்கும், உச்சி வெயிலில் வெளுத்துப்போகும். அமெரிக்காவுக்குச் சொந்தமான பச்சோந்தி கிடையாது என்பதும் உண்மைதான், அதனால்தான் ராங்கோவை வளர்ப்புப் பிராணியாகக் கொண்டுவந்து நெடுஞ்சாலையில் விழ வைத்தார்கள். யோசித்துச் செய்த வேலை.

'டாங்கில்ட்' (2010) படத்தில் வரும் பச்சோந்தி பாஸ்கலை எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒளிந்து விளையாட நிறம் மாறுவது, சிநேகமாகத் தோளிலேயே உட்கார்ந்திருப்பது இரண்டும் கற்பனை. பச்சோந்தி தனியாக இருக்கும் ஜீவன், கையில் எடுத்தாலே அதற்குப் பதற்றம். நாக்கைக்கூடக் கதாநாயகன் காதுக்குள் விடும் அளவுக்குத்தான் காட்டினார்கள். நிஜத்தில் உடம்பு நீளத்தைத் தாண்டிப் பாயும் நாக்கு அது, எச்சிலின் பிசுக்கில் பூச்சி ஒட்டிக்கொண்டு வரும்.

எங்கள் விளம்பரத்தில் கடைசியில் பூ வந்தது, ஓட்டமும் வந்தது. விரல்களை மட்டும் நான் மாற்றவில்லை, யாரும் கவனிக்கவுமில்லை. பணத்துக்குத் தொண்ணூறு நாள் கெடு என்றார்கள். தொண்ணூறு நாள் கழித்துக் கேட்டால், பில்லில் ஜிஎஸ்டி எண் தப்பு, புதுசாகப் போட்டு அனுப்புங்கள், மறுபடி தொண்ணூறு நாள் என்றார்கள். எண் அவர்கள் கொடுத்ததுதான். கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். ஃப்ரீலான்ஸ் வேலை செய்யும் தம்பி தங்கைகள் யாராவது படித்தால், பாதிப் பணம் கைக்கு வராமல் மாடலிங்கை (கணினியில் உருவம் செய்யும் வேலையை) தொடங்காதீர்கள்.