மூண்டாவது ரியூசன் வேண்டாம் தங்கச்சி

வணக்கம் ரீச்சர்,

உங்கட எழுத்துகளை கனகாலமா வாசிக்கிறனான், எழுதிறது இதுதான் முதல் தரம். நாங்கள் கிளிநொச்சிப் பக்கம். என்ர மூத்த மகளுக்கு ஒன்பது வயசு முடிஞ்சுது, இந்த வருசம் ஸ்கொலசிப், அஞ்சாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சோதினை, எடுக்கிறா. சோதினைக்கு இன்னும் மூண்டு மாசம்கூட இல்லை. ரெண்டு இடத்தில ரியூசன் போறா, கிழமை நாளில பின்னேரம் ஒண்டு, சனி ஞாயிறு முழுநாள் இன்னொண்டு. வீட்டில நானும் நாளுக்கு ஒரு மாதிரி வினாத்தாள் செய்விக்கிறன். ஆனா ரெண்டு மாசமா மார்க்ஸ் 200க்கு 118, 121, 125 எண்டு அதுக்குள்ளயே நிக்குது, ஏறுதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை 160க்கு மேல எடுக்கிறா. என்ர மனுசன் கட்டாரில, போன் எடுத்தா முதல் கேள்வியே "எத்தினை மார்க்ஸ்" எண்டுதான். இப்ப ஒரு மாசமா பிள்ளை சனிக்கிழமை விடிஞ்சா வயித்துக்க நோகுது எண்டு அழுறா. நடிக்கிறாளோ எண்டும் எனக்குத் தெரியேல்லை. மூண்டாவதா இன்னொரு ரியூசன் சேர் இருக்கிறார், அவரிட்ட விட்டா 150க்கு மேல நிச்சயம் எண்டு எல்லாரும் சொல்லுகினம். விடவோ? அவள் இப்ப படிக்கிற பள்ளிக்கூடம் ஓ.எல். (பதினோராம் ஆண்டு) வரைக்கும்தான் இருக்கு, அதுதான் எனக்கு அந்தரமா இருக்கு. கடைசியாச் செய்த முதலாம் பகுதி வினாத்தாளைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறன். ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ. பேரைப் போடாதேங்கோ.

இப்படிக்கு,
ஒரு அம்மா

*

அன்புள்ள தங்கச்சி,

கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சன், வினாத்தாளை நாலு தரம் பாத்தன். முதல்ல வயித்து நோவைச் சொல்லிட்டு மற்றதுக்கு வாறன். டொக்டரிட்ட ஒருக்காக் காட்டுங்கோ, பூச்சியா இருக்கலாம், விடிய வெறுவயித்தோட ஓடுறதா இருக்கலாம். அவர் ஒண்டுமில்லை எண்டு சொன்னாலும் அதை நடிப்பு எண்டு மட்டும் எடுக்காதேங்கோ. பயந்த பிள்ளைக்கு வயிறு மெய்யாவே நோகும். நான் 20 வருசத்துக்கு மேல அஞ்சாம் வகுப்புதான் படிப்பிச்சனான், சோதினை கிட்ட வர வர எத்தினை பிள்ளையள் இப்பிடி வயித்தைப் பிடிச்சுக்கொண்டு மேசையில குனிஞ்சு கிடந்ததைப் பாத்திருக்கிறன், அதில ஒண்டுகூடப் பொய் இல்லை.

மூண்டாவது ரியூசன் வேண்டாம். இருக்கிற ரெண்டில ஒண்டையும் நிப்பாட்டுங்கோ எண்டுதான் சொல்லுவன், எதை எண்டு பிள்ளையிட்டக் கேளுங்கோ, அவவுக்குத் தெரியும் எங்க தனக்கு விளங்குது எண்டு. இதைச் சும்மா சொல்லேல்லை, நீங்கள் அனுப்பின வினாத்தாளைப் பாத்த பிறகுதான் சொல்லுறன்.

அந்தத் தாளில 40 கேள்வி. முதல் 25இல உங்கட மகள் மூண்டே மூண்டுதான் பிழை விட்டிருக்கிறா, அதைக் கவனிச்சனீங்களோ? பிறகு 33 வரைக்கும் நாலு பிழை. 34இல இருந்து 40 வரைக்கும் ஒண்டுமே எழுதேல்லை, ஏழு கேள்வி வெறுமையாக் கிடக்கு. ரியூசன் சேர் அந்த ஏழுக்கும் சிவப்புப் பேனையால பெரிய கோடு ஒண்டை இழுத்துவிட்டு மேல மார்க்ஸைப் போட்டு விட்டிருக்கிறார். இப்ப 17ஆம் கேள்வியைப் பாருங்கோ, ஒரு உருவத்துக்குள்ள எத்தினை முக்கோணி எண்டு எண்ணுற கேள்வி, அதில தாள் கிழியப்போற அளவுக்கு அழிறப்பர் போட்டிருக்கு, படத்திலயே அந்த இடம் கறுத்து மெலிஞ்சு தெரியுது. எழுதி, அழிச்சு, திருப்பி எழுதி, திருப்பி அழிச்சு, கடைசியா எழுதினதும் பிழை. பிள்ளை அந்த ஒரு கேள்வியோட அஞ்சாறு நிமிசம் மல்லுக்கட்டியிருக்கிறா. அந்தச் சோதினை ஒரு மணித்தியாலம், 40 கேள்வி, அப்ப ஒண்டுக்கு ஒண்டரை நிமிசம்தான். 17இல போன நேரம்தான் 34க்குப் பிறகு இல்லாமப் போச்சு. அந்தக் கடைசி ஏழும் அவவுக்குத் தெரியாததா எண்டு இப்ப ஒருத்தருக்கும் தெரியாது. நேரம் பாக்காம அந்த ஏழு கேள்வியை மட்டும் நாளைக்குக் குடுத்துப் பாருங்கோ, குறைஞ்சது நாலு சரிவரும் எண்டு நினைக்கிறன்.

பிழைவிட்ட ஏழில நாலு "பொருந்தாதது எது", "பிழையான கூற்று எது" எண்டு கேக்கிற கேள்வியள். நாலிலயும் பிள்ளை பொருந்திறதையும் சரியான கூற்றையும்தான் தெரிஞ்செடுத்திருக்கிறா! அப்ப விசயம் அவவுக்குத் தெரியும், கேள்வியின்ர கடைசிச் சொல்லுக்குப் போக முதலே கை விடையில போய் நிக்குது. நாளுக்கு ஒரு வினாத்தாள் செய்யிற பிள்ளைக்கு இது வரும், ஏனெண்டா கேள்வியைப் பாத்த உடனேயே "இது முந்திச் செய்ததுதானே" எண்டு நினைச்சு ஓடத்தொடங்கும். வாசிக்காது. இன்னும் நூறு வினாத்தாள் குடுத்தாலும் இந்தப் பழக்கம்தான் இன்னும் இறுகும். அதாலதான் சொல்லுறன் உங்கட மகளுக்கு இப்பத் தேவை புதுசா ஒரு சேர் இல்லை, செய்து முடிச்ச தாளுக்குப் பக்கத்தில அவசரமில்லாம இருக்கிற ஒரு ஆள், அது நீங்கள்தான்.

எப்பிடி இருக்கிறது எண்டு கேப்பீங்கள். ஒரு பிள்ளையின்ர கதை சொல்லுறன். என்ர வகுப்பில ஒரு பெட்டை, கெட்டிக்காரி, ஆனா திசைக் கணக்கு வந்தா மட்டும் பிழை. "ஒருவன் தெற்கு நோக்கி நடந்து வலப்பக்கம் திரும்பினான், இப்போது எத்திசையில் செல்கிறான்" எண்ட மாதிரிக் கேள்வியள் இருக்கெல்லோ, அதுகள். நானும் பிழை எண்டு கீறிக்கீறி அனுப்பிக்கொண்டிருந்தன், ஆறேழு தரம் இருக்கும், ஒவ்வொருக்காவும் சரியான விடையைப் பலகையில எழுதிக் காட்டுவன், தலையாட்டுவா, அடுத்த முறையும் அதே பிழை. ஒருநாள் இன்ரேவலுக்கு மறிச்சு வச்சு "நீ எப்பிடி யோசிச்சனி எண்டு எனக்குச் சொல்லு" எண்டு கேட்டன். அவ தன்ர வலக்கையைத் தூக்கிக் காட்டினா. "இதுதானே ரீச்சர் வலப்பக்கம், இது கிழக்கு" எண்டா. அப்பதான் எனக்கு விளங்கிச்சுது. கடதாசியில தெற்கு நோக்கி நடக்கிற ஆள் அவவைப் பாத்து வாறான், அவன்ர வலக்கை அவவின்ர இடக்கைப் பக்கம், ஆனா பிள்ளை தன்ர கையை வச்சுத்தான் எல்லாருக்கும் பக்கம் சொல்லிக்கொண்டிருந்திருக்கு. பள்ளிக்கூட முற்றத்தில சோக்கால பெரிசா ஒரு சிலுவை கீறி நாலு திசையும் எழுதி, தெற்கு நோக்கி நடக்க விட்டு, "இப்ப வலப்பக்கம் திரும்பு" எண்டன். திரும்பினா, காலடியில பாத்தா, மேற்கு எண்டு இருக்கு. சிரிச்சா பாருங்கோ ஒரு சிரிப்பு. பத்து நிமிசம் போகேல்லை. அதுக்குப் பிறகு அந்தக் கணக்கில அவ பிழை விட்டதை நான் காணேல்லை. ஆறேழு சிவப்புக் கீறில நடக்காத காரியம், ஒரு கேள்வி கேட்டதில நடந்தது. அந்தக் கேள்வியை நான் முதல் நாளே கேட்டிருக்க வேணும் எண்ட கவலை இண்டைக்கும் இருக்கு.

அதால, முழு வினாத்தாள் கிழமைக்கு ஒண்டு காணும். சோதினை நடக்கிற நேரத்திலயே, விடிய ஒன்பதரை மணிபோல, மணிக்கூட்டை முன்னால வச்சு இருத்துங்கோ. ஒண்டரை நிமிசத்தில வராத கேள்விக்குப் பக்கத்தில பென்சிலால ஒரு குத்து வச்சிட்டு அடுத்ததுக்குப் போகச் சொல்லுங்கோ, கடைசியில நேரம் மிஞ்சினா குத்து வச்சதுகளுக்குத் திரும்பி வரலாம். இதைச் சொன்னா மட்டும் காணாது, ஒரு கேள்வியை விட்டிட்டுப் போறது இந்த வயசுப் பிள்ளைக்கு லேசில்லை, தோத்த மாதிரி நினைக்கும், அதால ரெண்டு மூண்டு கிழமை பக்கத்தில இருந்து பழக்குங்கோ. "அல்லாதது", "பொருந்தாதது", "பிழையானது" எண்ட சொல்லைக் கண்டா கீழ கோடு. மற்ற நாளெல்லாம் அரை மணித்தியாலம், கிழமையில விட்ட பிழையளை மட்டும் எடுத்து "எப்பிடி யோசிச்சனி" எண்டு கேக்கிறது. குரல் மட்டும் கவனம், அதட்டிக் கேட்டா பிள்ளை "தெரியாது" எண்டுதான் சொல்லும்.

ரெண்டாம் பகுதி வேற மாதிரி, 60 கேள்வி, ஒண்டேகால் மணித்தியாலம், அதில தமிழ், கணிதம், சுற்றாடல், சமயத்தோட இங்கிலிசும் சிங்களமும் வரும். கன வீட்டில இந்தக் கடைசி ரெண்டையும் கைவிட்டிடுவினம். புத்தகத்தில இருக்கிற சின்னச் சொல்லுகள்தான் அதுகள், கடைக்குப் போற வழியில பெயர்ப்பலகையளை எழுத்துக்கூட்டி வாசிக்கவிட்டாலே பாதி வந்திடும். சில வருசம் ரெண்டாம் பகுதியை முதல்ல குடுத்து முதலாம் பகுதியைப் பிறகு குடுத்திருக்கினம், அதால நேர அட்டவணை வந்த உடனே பாத்துப் பிள்ளைக்குச் சொல்லிவையுங்கோ, இல்லாட்டி தாளைத் திருப்பின உடனே திடுக்கிடும்.

இனி உங்கட அந்தரத்துக்கு வாறன். பள்ளிக்கூடம் ஓ.எல். வரைக்கும்தான் எண்டு எழுதியிருக்கிறீங்கள். அப்ப உங்கட மகளுக்கு இன்னும் ஆறு வருசம் அதே பள்ளிக்கூடத்தில இடம் இருக்கு, ஓ.எல். றிசல்ட்ஸை வச்சு ஏ.எல்லுக்கு (பன்னிரண்டாம், பதின்மூண்டாம் ஆண்டு) வேற பள்ளிக்கூடம் போகலாம், வருசாவருசம் பிள்ளையள் போய்க்கொண்டுதான் இருக்கினம். இந்தச் சோதினை செய்யிறது ரெண்டு வேலைதான். ஆறாம் ஆண்டுக்குப் பெரிய பள்ளிக்கூடங்களில இடம் குடுக்கிறது ஒண்டு, வருமானம் குறைஞ்ச வீட்டுப் பிள்ளையளுக்கு மாசாமாசம் உதவிப்பணம் குடுக்கிறது மற்றது. அதுக்கு எடுக்கவேண்டிய குறைஞ்ச மார்க்ஸ், வெட்டுப்புள்ளி எண்டுறது, அதுவும் மாவட்டத்துக்கு மாவட்டம், வருசத்துக்கு வருசம் மாறும், அதை முந்தியே ஆராலயும் சொல்ல ஏலாது, "150 நிச்சயம்" எண்டு சொல்லுற சேராலயும் ஏலாது. ஒவ்வொரு பகுதியிலயும் 35, மொத்தம் 70 எடுத்தா சித்தியடைஞ்சதா சேட்டிபிக்கற் இருக்கு, உங்கட மகள் அதை எப்பவோ தாண்டியாச்சு. இதை ஆரும் அவவுக்குச் சொன்னவையோ?

அப்ப கல்வி மந்திரியா இருந்த கன்னங்கரா 1940களில இலவசக் கல்வியைக் கொண்டுவந்து நாட்டுப்புறங்களில மத்திய கல்லூரியளைத் திறந்தபோது, காசில்லாத வீட்டுக் கெட்டிக்காரப் பிள்ளையளை அங்க சேர்த்துத் தங்கிப் படிக்க வைக்கத்தான் இந்தப் புலமைப்பரிசில் வந்தது. அப்பிடிப்பட்ட நல்ல காரியம் இப்ப மூண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பத்து வயசுப் பிள்ளையளை ஒரே நாளில இருத்தி வச்சு, அதுக்கு முன்னால ரெண்டு வருசம் விளையாட்டை மறக்கப் பண்ணுற ஒண்டா வந்து நிக்குது. ஒவ்வொரு வருசமும் சோதினைக்கு நாலஞ்சு நாள் முந்தி ரியூசன், கருத்தரங்கு, மாதிரி வினாத்தாள் எல்லாத்தையும் பரீட்சைத் திணைக்களம் தடை செய்யவேண்டிக் கிடக்கு, அப்பிடியெண்டா எங்கட நிலைமையை யோசிச்சுப் பாருங்கோ. 2024 செப்டெம்பர் சோதினையில மூண்டு கேள்வி முந்தியே வெளிய வந்திட்டுது எண்டு வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. கடைசியில அந்த மூண்டுக்கும் எல்லாருக்கும் மார்க்ஸ் குடுத்து அடுத்த ஜனவரியிலதான் றிசல்ட்ஸ் வந்தது. நாலு மாசம், திருப்பி எழுத வேணுமோ எண்டு தெரியாம ஏங்கிக்கொண்டு இருந்த பிள்ளையளை நினைச்சா எனக்கு இப்பவும் நெஞ்சு பதறும்.

றிசல்ட்ஸ் வாற நாளைப் பற்றியும் இப்பவே சொல்லிப்போடுறன். எங்கட ஊரில அண்டைக்கே சந்தியில பிளெக்ஸ் கட்டுவினம், பிள்ளையளின்ர படம், மார்க்ஸ், வாழ்த்து. ஒரு வருசம், ஒரு மார்க்கால வெட்டுப்புள்ளி தவறின பொடியன் ஒருத்தன், பாண் வாங்கப் போறதுக்குச் சந்திக்கால போகாம, பின் ஒழுங்கையால, வேலிக்கரையால சுத்திப் போய் வாறதை என்ர படலையில நிண்டு பாத்தன். ரெண்டு கிழமைக்கு மேல அப்பிடித்தான் போனவன். பத்து வயசு. பிளெக்ஸ் கட்டினவை ஆரும் அதைக் காணேல்லை. உங்கட மகள் எத்தினை எடுத்தாலும் பிளெக்ஸுக்குப் படம் குடுக்காதேங்கோ, எடுக்காட்டியும் அண்டைக்குப் பின்னேரம் அவவின்ர கையைப் பிடிச்சு நேர் ரோட்டால, சந்திக்காலதான் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ.

பக்கத்து வீட்டுப் பிள்ளையின்ர கதையை வீட்டில எடுக்கவே வேண்டாம். அந்தப் பிள்ளையும் வேற ஏதோ ஒண்டுக்கு அழுதுகொண்டுதான் இருக்கும்.

உங்கட மனுசனுக்கு இதை வாசிச்சுக் காட்டுங்கோ. தம்பி, நீங்கள் அங்க வெயிலுக்க நிண்டு உழைக்கிறதே இந்தப் பிள்ளைக்காகத்தான், அதில எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா கிழமையில கிடைக்கிற பத்து நிமிசத்தில அப்பா மார்க்ஸைக் கேட்டா, பிள்ளைக்கு போன் மணி அடிக்கேக்கையே வயித்துக்க பிசையத் தொடங்கிடும். "இண்டைக்குச் செய்ததில எந்தக் கேள்வி உனக்குப் பிடிச்சுது, அதை எனக்கும் சொல்லித் தா பாப்பம்" எண்டு கேளுங்கோ. அவ உங்களுக்குப் படிப்பிக்கட்டும், இன்னொருத்தருக்குச் சொல்லிக் குடுத்தா விளங்கினது மனசில நிக்கும்.

நித்திரையை வெட்டாதேங்கோ. ஒன்பது மணிக்குப் படுக்கட்டும். நிப்பாட்டுற ரியூசனால மிச்சமாகிற நேரத்தில மாபிள் விளையாடட்டும், கதைப் புத்தகம் வாசிக்கட்டும், நேரத்தை நிரப்பவேணும் எண்டு அதுக்குள்ளயும் ஒரு வினாத்தாளைச் செருகாதேங்கோ.

இண்டைக்குப் பின்னேரம் தேத்தண்ணி குடிச்ச பிறகு அந்தத் தாளை எடுத்து, 17ஆம் கேள்வியில இருக்கிற முக்கோணியளை எப்பிடி எண்ணினவ எண்டு மட்டும் கேளுங்கோ. விடையை நீங்கள் சொல்லவேண்டாம். அவ கையால தொட்டுத் தொட்டு எண்ணிக் காட்டட்டும், நீங்கள் பாத்துக்கொண்டு இருங்கோ. எந்த இடத்தில ஒண்டைத் தவற விடுறா இல்லாட்டி ஒண்டை ரெண்டு தரம் எண்ணுறா எண்டு கண்டுபிடிச்சா எனக்கு எழுதுங்கோ, மிச்சத்தை அதில இருந்து கதைப்பம்.

அன்போட,
ரீச்சர்