இரவில் தொலைபேசியை எடுப்பவர் யார்?

வாசகர் கேள்வி – பதில்

(குணப்படுத்த இயலாத நிலையை அடைந்த நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லங்கள், வீட்டுக்கு வந்து பார்க்கும் குழுக்கள் ஆகியவை பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பெயரை வெளியிட வேண்டாம் என்று பலரும் கேட்டிருப்பதால் ஊர் மட்டும் தரப்படுகிறது.)

கேள்வி: என் தந்தைக்கு வயது 71. வாய்ப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்த பிறகும் நோய் கழுத்துக்குப் பரவிவிட்டது. இனி கீமோவால் பயனில்லை, வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர்கள் கூறிவிட்டார்கள். காட்பாடிப் பக்கம் மாதக் கட்டணத்தில் நடக்கும் ஓர் இல்லம், ஓர் அறக்கட்டளையின் இலவச இல்லம், வீட்டுக்கே வரும் ஒரு குழு என மூன்று வழிகள் எங்கள் முன் இருக்கின்றன. குளிர்சாதன அறையும் கண்காணிப்புக் கேமராவும் இருப்பதால் முதல் இல்லமே சிறந்தது என்று பெங்களூரில் வேலை செய்யும் என் தம்பி வற்புறுத்துகிறான். எதைப் பார்த்து முடிவெடுப்பது?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: கட்டடத்தைக் கடைசியில் பாருங்கள். மூன்று இடங்களிலும் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, கடும் வலியைத் தணிக்கும் மார்பின் (morphine) மாத்திரை இருப்பில் இருக்கிறதா, இரவில் வலி கூடினால் அதைக் கொடுக்கச் சொல்லும் மருத்துவர் யார் என்பதுதான். கழுத்துக்குப் பரவிய வாய்ப் புற்றுநோயில் பாரசிட்டமாலும் டிரமடாலும் போதாத நிலை பெரும்பாலும் வந்துவிடும். மார்பினோ தெருமுனை மருந்துக் கடையில் கிடைக்கும் பொருள் அன்று. போதைப்பொருள் சட்டத்தில் 2014-இல் செய்யப்பட்ட திருத்தத்திற்குப் பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் அதை வாங்கி வைத்து நோயாளிகளுக்கு வழங்க முடிகிறது. நீங்கள் பார்க்கும் இல்லத்துக்கு அந்த அங்கீகாரம் இல்லையென்றால், அங்கீகாரமுள்ள ஒரு மருத்துவமனையோடு அவர்களுக்கு ஏற்பாடு உண்டா, மாத்திரை தீருவதற்கு முன்பே போய் வாங்கி வருபவர் யார் என்று கேளுங்கள். "வலி அதிகமானால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவோம்" என்று ஓர் இடம் சொல்லுமானால், அங்கே உங்கள் தந்தைக்குக் கிடைக்கப்போவது படுக்கையும் சாப்பாடும் மட்டுமே. இந்தியாவில் நோய்த்தணிப்புப் பராமரிப்புத் துறையினர் (நோயைக் குணப்படுத்த முடியாதபோது வலியையும் துன்பத்தையும் குறைப்பவர்கள்) தங்களைத் தாங்களே தணிக்கை செய்துகொள்வதற்காக வகுத்துள்ள தர அளவுகோல்களிலும் வாய்வழி மார்பின் தடையின்றிக் கிடைப்பது இன்றியமையாத தேவையாகவே வைக்கப்பட்டிருக்கிறது.

அடுத்ததாக, வலியை எப்படி அளக்கிறார்கள் என்று பாருங்கள். வலியே இல்லை என்றால் பூச்சியம், தாங்கவே முடியாது என்றால் பத்து என்று நோயாளியிடமே கேட்டு, அந்த எண்ணைத் தாளில் எழுதி, மருந்து கொடுத்த பிறகு மீண்டும் கேட்டு எழுதுவது நல்ல இடங்களில் அன்றாட வழக்கம். வெற்றுப் பதிவுத்தாள் ஒன்றைக் காட்டும்படி கேட்டால் யாரும் தவறாக நினைக்கப்போவதில்லை. காட்டுவதற்குத் தாளே இல்லையென்றால், வலி அங்கே பதிவாகவில்லை என்று பொருள். பதிவாகாத வலி அடுத்த முறை வரும் நர்ஸுக்குத் தெரியவும் தெரியாது.

மூன்றாவதாக, உங்கள் தந்தையின் நோய்க்கே உரிய சில கேள்விகள் இருக்கின்றன. இவற்றைப் பொதுவான பட்டியல்களில் காண முடியாது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். கழுத்துக் கட்டி புண்ணாகி உடைந்தால் துர்நாற்றம் வீசும். நோயாளிகள் பலர் வலியைக் காட்டிலும் இந்த நாற்றத்துக்கே கூசிப்போய், பேரக்குழந்தையைக்கூட அருகில் வர வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவிக் கட்டுவது செலவு குறைந்த, பலன் தரும், இத்துறையினர் எல்லோரும் அறிந்த முறை. "புண் நாறினால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டவுடன் இதை ஒரு நர்ஸ் தயங்காமல் சொன்னால் அவர் பயிற்சி பெற்றவர், ஊதுபத்தியையும் வாசனைத் திரவியத்தையும் பற்றிப் பேசினால் அவர் இத்தகைய புண்ணைக் கையாண்டதில்லை என்று கொள்ளலாம். புண் பெரிய ரத்தக்குழாயை அரித்துவிட்டால் திடீரென ரத்தம் பெருகவும் கூடும். இது எல்லோருக்கும் நேர்வதில்லை. ஆயினும் நல்ல குழு இதற்கு முன்கூட்டியே தயாராக இருக்கும். ரத்தத்தின் நிறம் எடுப்பாகத் தெரிந்து நோயாளியும் வீட்டாரும் மிரண்டுபோகாதிருக்க அடர்நிறத் துண்டுகளை அருகில் வைத்திருப்பார்கள். பதற்றத்தைத் தணிக்கும் ஊசி மருந்து எங்கே இருக்கிறது, யார் போடுவது என்பது முடிவாகியிருக்கும். நடக்கக்கூடியது என்ன என்பதை வீட்டாருக்கு மெதுவாகச் சொல்லியிருப்பார்கள். விழுங்க முடியாமற்போனால் மருந்தை எந்த வழியில் கொடுப்பார்கள், உணவுக்காக மூக்குக் குழாய் வைப்பதா வேண்டாமா என்பதை யார் யாரோடு பேசி முடிவு செய்வார்கள் என்பதையும் இத்துடன் கேட்டுவிடுங்கள்.

இனி இரவு. பகல் பதினொரு மணிக்கு எல்லா இல்லங்களும் நன்றாகவே இருக்கும். உங்கள் தம்பிக்கு ஒரு வேலை கொடுங்கள்: இரவு பதினொரு மணிக்கு மேல் அந்த மூன்று எண்களுக்கும் பெங்களூரிலிருந்தே அவர் அழைக்கட்டும். எடுப்பவர் காவலாளியா, நர்ஸா? கேட்கும் கேள்விக்கு அவரே பதில் சொல்கிறாரா, காலையில் பேசச் சொல்கிறாரா? இரவுப் பணியில் எத்தனை நோயாளிகளுக்கு எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள்? கேமராவை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கேமராவால் புரட்டிப் படுக்க வைக்க முடியாது. மின்சாரம் நின்றால் ஏர் பெட்டும் ஆக்ஸிஜன் கருவியும் எதில் ஓடும் என்பதும் கத்திரி வெயிலில் வேகும் நம் பக்கத்தில் கேட்டே ஆக வேண்டிய கேள்வி. குளிர்சாதன அறைக்கும் அதே கேள்விதான் பொருந்தும்.

நேரில் போகும்போது சொல்லாமல் போங்கள். பிற்பகல் மூன்று மணி நல்ல நேரம். வரவேற்பறையைத் தாண்டி உள்ளே விடுகிறார்களா என்று பாருங்கள். படுத்திருப்பவர்களின் உதடு காய்ந்து வெடித்திருக்கிறதா, நகம் வெட்டியிருக்கிறதா, யாருடைய கையாவது கட்டிலோடு கட்டப்பட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். படுக்கைப்புண் பற்றிக் கேளுங்கள். "எங்களிடம் அது வந்ததே இல்லை" என்பவரை நான் நம்பமாட்டேன். புண்ணோடு வந்து சேர்ந்தவர் இத்தனை பேர், இங்கே வந்தபின் புண் கண்டவர் இவர், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிய நேரங்கள் இதோ என்று நோட்டைக் காட்டுபவரை நம்பலாம்.

காகிதங்களைப் பொறுத்தவரை, 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பெற்ற பதிவுச் சான்றைக் கேளுங்கள். முதியோர் இல்லமாக மட்டும் பதிவு பெற்றுக்கொண்டு வாசலில் ஹாஸ்பிஸ் (இறுதிக்கட்ட நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லம்) என்று பலகை வைத்திருந்தால், மருத்துவப் பொறுப்பு யாருடையது என்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். மாதக் கட்டணத்தில் மருந்து, கட்டுப் போடும் பொருள்கள், டயப்பர், ஆம்புலன்ஸ் ஆகியவை அடங்குமா, மாதத்தின் நடுவில் இறப்பு நேர்ந்தாலோ வீட்டுக்கு அழைத்துச் சென்றாலோ மீதிப் பணம் திரும்புமா என்பதையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். அறக்கட்டளை இல்லம் இலவசம் என்பதால் கேள்வி கேட்கக் கூச வேண்டியதில்லை. நன்கொடையில் நடக்கும் பொறுப்பான இல்லங்கள் கேட்பவர்களை வரவேற்கவே செய்யும்.

கட்டில் போட்ட கட்டடம்தான் உயர்ந்த பராமரிப்பு என்ற எண்ணம் உங்கள் தம்பிக்கு மட்டும் உரியதன்று. கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலி நிவாரண அமைப்பின் வழியில் கேரளம் முழுதும் பரவிய சேவைக்கு முதுகெலும்பாக இருப்பது வீட்டுக்குச் சென்று பார்ப்பதே. உங்கள் வீட்டில் பகலிலும் இரவிலும் மாறிமாறிப் பார்க்க இருவர் இருந்து, அந்த வீட்டுக் குழு மார்பினிலும் இரவு அழைப்பிலும் தேறுமானால், நான் வீட்டில்தான் தொடங்குவேன். பார்ப்பவர்கள் ஓய்ந்துபோகும்போது சில நாள்களுக்குப் படுக்கை தர அறக்கட்டளை இல்லம் சம்மதிக்குமா என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் உங்கள் கடிதத்தில் விடுபட்டிருக்கிறது. அப்பா என்ன விரும்புகிறார்? அவரைக் கேட்டுவிட்டு மேலே செல்லுங்கள். முதல் சந்திப்பில் அந்தக் குழுவினர் நாற்காலியை இழுத்துப்போட்டு அவரிடம் பேசுகிறார்களா, வாசலில் நின்று உங்களிடம் மட்டும் பேசிவிட்டுப் போகிறார்களா என்பதும் உங்கள் முடிவுக்கு உதவும்.

கேள்வி: மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிய என் தாயாருக்கு, வீட்டுக்கு வரும் குழு ஒன்று மார்பின் மாத்திரை கொடுத்திருக்கிறது. வலி குறைந்துவிட்டது, ஆனால் ஐந்து நாள்களாக மலம் கழியவில்லை. இது போதை மருந்து, பழகிவிடும், கடைசி நேரத்தில்தான் கொடுப்பார்கள் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். குழுவை மாற்றிவிடலாமா?
– ஒரு வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: மாற்றுவதற்கு முன் அவர்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு செய்யுங்கள், அவர்கள் செய்யப்போவதைப் பார்த்துத் தரத்தை முடிவு செய்யலாம். மார்பின் சாப்பிடும் அநேகமாக எல்லோருக்கும் மலச்சிக்கல் வரும், அது நாள்பட்டாலும் தானாகச் சரியாகாது. ஆகையால் மார்பின் எழுதும் அதே சீட்டில் மலமிளக்கியையும் எழுதுவது இத்துறையின் அரிச்சுவடி. உங்கள் சீட்டில் அது இருந்து அம்மா சாப்பிடாமல் விட்டாரா, எழுதப்படவே இல்லையா என்று முதலில் பாருங்கள். எழுதப்படவில்லையென்றால் தவறு குழுவினுடையது. அதை ஒப்புக்கொண்டு, அன்றோ மறுநாளோ நர்ஸை அனுப்பி மலத்தை வெளியேற்றி, மருந்தையும் திருத்தினால் அந்தக் குழுவோடு தொடரலாம். "மார்பினை நிறுத்திவிடுங்கள்" என்று மட்டும் சொன்னால் வேறு குழுவைத் தேடுங்கள்; தொடர்ந்து சாப்பிடுபவர் அதைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. வாந்தி, வயிற்று உப்பசம், விட்டுவிட்டு வரும் கடும் வயிற்றுவலி ஆகியவை இருந்தால் குழுவுக்காகக் காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

உறவினர்களின் அச்சத்துக்கும் ஒரு பின்னணி உண்டு. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் மருத்துவமனைகளே மார்பினைக் கைவிட்ட காலம் ஒன்று இருந்தது. ஒரு தலைமுறை மருத்துவர்கள் அதைக் கையாளாமலேயே படித்து வந்தார்கள். புற்றுநோய் வலிக்கு முறையான அளவில் கொடுக்கும்போது அடிமைத்தனம் ஏற்படுவது அரிது. ஒரு வேளை மாத்திரை ஏறக்குறைய நான்கு மணி நேரம் வேலை செய்யும் என்பதால் வலி வரும்வரை காத்திராமல் நேரம் தவறாது கொடுக்க வேண்டும்; இடையில் வலி எழுந்தால் கொடுக்கத் தனியாக ஓர் அளவும் எழுதித் தந்திருக்க வேண்டும். முதல் சில நாள்களில் குமட்டலும் தூக்கமும் இருந்து பிறகு தணியும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மருந்து உடம்பில் தேங்கும் என்பதால் அளவையும் இடைவெளியையும் மாற்ற வேண்டும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் என்ற ரத்தப் பரிசோதனையில் தாயாருக்கு வந்த அளவை உங்கள் குழு ஒருமுறையாவது கேட்டதா? கேட்டிருந்தால் அது நல்ல அடையாளம்.

கேள்வி: இறுதி நாள்களில் குளுக்கோஸ் ஏற்றாத இல்லம் நோயாளியைப் பட்டினி போடுகிறது என்று சொல்கிறார்கள். உண்மையா?
– ஒரு வாசகி, ஆம்பூர்

பதில்: கடைசிச் சில நாள்களில் உடல் பசியையும் தாகத்தையும் கைவிடத் தொடங்குகிறது. அப்போது ஏற்றும் திரவம் கால் வீக்கமாகவும் நெஞ்சில் சளியாகவும் சேர்ந்து துன்பத்தைக் கூட்டலாம். ஏற்றாததை மட்டும் வைத்து ஓர் இல்லத்தைக் குறைகூற முடியாது. காரணத்தை உங்களோடு உட்கார்ந்து பேசினார்களா, வாயை அடிக்கடி ஈரத்துணியால் துடைத்து நனைத்தார்களா, விரும்பிக் கேட்டபோது ஒரு வாய் மோரோ பாலோ கொடுத்தார்களா என்பதை வைத்துச் சொல்லலாம். மருத்துவரே பார்க்காமல் ஒரு பராமரிப்பாளர் தானாக உணவை நிறுத்தினால் அது வேறு விஷயம். உடனே கேட்க வேண்டும். உங்கள் ஊரில் உருது பேசும் குடும்பங்கள் நிறைய இருப்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். நோயாளியின் மொழியைப் பேசும் ஒருவராவது பணியில் இருக்கிறாரா, தலைமாட்டில் அமர்ந்து குர்ஆன் ஓதவோ தேவாரம் பாடவோ ஜெபிக்கவோ எந்நேரமும் உறவினரை அனுமதிப்பார்களா, அன்றே அடக்கம் செய்ய வசதியாக உடலைத் தாமதமின்றி ஒப்படைப்பார்களா என்பதையும் சேர்க்கும் நாளிலேயே கேளுங்கள்.

கேள்வி: எங்கள் மலையடிவார ஊருக்குத் தனியார் குழு எதுவும் வருவதில்லை. அரசில் வழி உண்டா? வீட்டில் இறந்தால் சான்று யார் தருவார்?
– ஒரு வாசகர், ஒடுகத்தூர்

பதில்: 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கே வரும் சேவைகளுள் ஒன்று. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரைப் பதிந்து, அந்த நர்ஸ் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருவார், மார்பின் தேவைப்பட்டால் எந்த அரசு மருத்துவமனையில் பெற்றுக்கொள்வது என்று கேளுங்கள். வேலூர் சி.எம்.சி.யில் சிகிச்சை பெற்றவராயின் அங்குள்ள நோய்த்தணிப்புப் பிரிவிலும் காட்டி, டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்தளவுகளைத் தெளிவாக எழுதி வாங்குங்கள். உள்ளூர் மருத்துவர் அதைப் பார்த்துத் தொடர முடியும். இறப்பு வீட்டில் நேர்ந்தால், கடைசியாகப் பார்த்துவந்த மருத்துவர் இறப்பின் காரணத்தை 4ஏ படிவத்தில் சான்றளிக்க வேண்டும். அதைக் கொண்டு 21 நாள்களுக்குள் உங்கள் பகுதியின் பிறப்பு–இறப்புப் பதிவாளரிடம் (கிராமங்களில் கிராம நிர்வாக அலுவலரிடம்) பதிவு செய்துவிடுங்கள். எந்தக் குழுவில் சேர்ந்தாலும், இந்தச் சான்றை இரவோ ஞாயிற்றுக்கிழமையோ ஆனாலும் தருவார்களா என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.