பன்னிரண்டில் எந்த முகம்? வணிக இதழ் போர்ட்ரெய்ட் தேர்வு பற்றிய கேள்வி பதில்

பத்தொன்பது வருடமாக வணிக இதழ்களுக்குப் படம் தேர்வு செய்வது என் வேலை. போட்டோ ஷூட் முடிந்து, படங்கள் எல்லாம் திரையில் வரிசையாக வந்து நின்ற பிறகு எதை எடுப்பது என்பதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: கோவையில் பம்ப் செட் தயாரிக்கிறேன், மேடம். ஒரு இதழின் அட்டைக் கட்டுரைக்காகப் படம் எடுத்தார்கள். பன்னிரண்டு படங்களை அனுப்பி, எது பிடிக்கிறது என்று கேட்கிறார்கள். எனக்கு ஒன்று பிடிக்கிறது, மனைவிக்கு வேறொன்று, மகளுக்கு இன்னொன்று. எதைச் சொல்வது?

பதில்: பொதுவாக எந்த இதழும் இப்படிக் கேட்காது. படத் தேர்வு ஆசிரியர் குழுவின் வேலை. கேட்டிருக்கிறார்கள் என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் உங்களுக்குப் பிடித்த படத்தை மட்டும் சொல்ல வேண்டாம். மனைவி சொல்வதையும் மகள் சொல்வதையும் முதலில் கேளுங்கள்.

இதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் முகத்தை நீங்கள் தினமும் கண்ணாடியில் பார்க்கிறீர்கள், இடம் வலம் மாறிய முகமாக. கேமரா அப்படி மாற்றாது. 1977-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. ஒருவருடைய படத்தையும், அதையே இடவலமாகத் திருப்பிய படத்தையும் காட்டினார்கள். படத்தில் இருந்தவர்களுக்குப் பெரும்பாலும் திருப்பிய படம் பிடித்தது. அவர்களுடைய நண்பர்களுக்கு உள்ளபடியே இருந்த படம் பிடித்தது. "என் முகம் ஏதோ கோணலாக இருக்கிறதே" என்று நல்ல நல்ல படங்களை ஆட்கள் ஒதுக்குவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கோணல் எதுவும் இருக்காது, பழகாத முகம், அவ்வளவுதான். 2017-இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். சமூக வலைத்தளங்களில் வைப்பதற்காக அவரவரே தேர்ந்தெடுத்த படங்களைவிட, முன்பின் தெரியாதவர்கள் அவர்களுக்காகத் தேர்ந்தெடுத்த படங்கள்தான் பார்ப்பவர்களிடம் நல்ல எண்ணத்தை உண்டாக்கின.

அதனால் இப்படிச் செய்யுங்கள். பன்னிரண்டு படத்தையும் உங்கள் ஃபோர்மேனிடம் காட்டி, "இதில் எது நான்?" என்று கேளுங்கள். உங்களைப் பார்த்தே இராத ஒருவரிடம் காட்டி, "இவரிடம் மோட்டார் வாங்குவீர்களா?" என்று கேளுங்கள். இரண்டு பேர் விரலும் ஒரே படத்தில் நின்றால் அதையே சொல்லிவிடுங்கள், உங்களுக்கு அது கொஞ்சம் பிடிக்காவிட்டாலும் கூட.

கேள்வி: அக்கா, நான் புதிதாக வந்திருக்கும் போட்டோகிராபர். ஒரு நிறுவனத் தலைவரை ஒரு மணி நேரத்தில் 600 ஃப்ரேம் எடுத்துவிட்டேன். எந்த வரிசையில் சலிப்பது?

பதில்: எடுத்த அன்றைக்கே தேர்வில் இறங்காதீர்கள், தம்பி. அந்தச் சூட்டில் நாம் கஷ்டப்பட்டு எடுத்த படம்தான் நமக்குப் பிடிக்கும். ஏணியில் ஏறி, முதுகு வலிக்க எடுத்தோம் என்பது வாசகருக்குத் தெரியாது. ஒரு ராத்திரி போகட்டும்.

முதல் சுற்று வேகமாகப் போக வேண்டும், படத்துக்கு ஒரு நொடி. கண் மூடியது, ஃபோகஸ் தப்பியது, பேச்சின் நடுவில் வாய் விநோதமாக நின்றது எல்லாவற்றுக்கும் லைட்ரூம் மென்பொருளில் எக்ஸ் (X) விசையைத் தட்டிக்கொண்டே போங்கள். அழிக்க வேண்டாம், ஒதுக்கினால் போதும். இரண்டாம் சுற்றில் கை தானாக நிற்கிற படத்துக்கெல்லாம் ஒரு நட்சத்திரம் கொடுங்கள். ஏன் நின்றது என்று அப்போது யோசிக்க வேண்டாம்.

உண்மையான வேலை மூன்றாம் சுற்றில் இருக்கிறது. ஏழெட்டுப் படத்தைத் தேர்ந்து 'என்' (N) விசையைத் தட்டினால் எல்லாம் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். தனித்தனியாகப் பார்த்தபோது எல்லாமே நன்றாக இருந்திருக்கும். இப்படி வைத்தால்தான் ஒன்றில் தோள் ஏறியிருப்பதும், இன்னொன்றில் தாடை இறுகியிருப்பதும் தெரியும். தோற்பதை ஒவ்வொன்றாக வெளியே அனுப்புங்கள். மிஞ்சியதை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணைப் பாருங்கள். காது தெளிவாக இருந்து, இமை மயிர் மங்கலாக இருந்தால் அந்தப் படம் எவ்வளவு அழகானாலும் அட்டைக்கு ஆகாது. அப்புறம் தபால் தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். இன்று பெரும்பாலானவர்கள் அட்டையைக் கைபேசியில் அந்த அளவில்தான் முதலில் பார்க்கிறார்கள்.

ஆசிரியருக்குப் பதினைந்து படம் அனுப்பினால் போதும். மீதியைப் பத்திரமாக வைத்திருங்கள். கட்டுரை மாறினால் படமும் மாறும்.

கேள்வி: சிரிக்கிற படமா, சிரிக்காத படமா? எங்கள் அலுவலகத்தில் இதற்கு ஒரு பஞ்சாயத்தே நடக்கிறது.

பதில்: கட்டுரை என்ன சொல்கிறது என்பதைப் பார்க்காமல் இதற்குப் பதிலே கிடையாது.

நான் வேலைக்கு வந்த மூன்றாம் வருடம், ஓர் ஆலை மூடப்பட்டதைப் பற்றிய கட்டுரைக்கு, அந்த நிறுவனத்தின் தலைவர் வாய் நிறையச் சிரிக்கும் படத்தை எடுத்துக் கொடுத்தேன். கோப்பில் இருந்ததிலேயே ஒளியும் முகமும் நன்றாக அமைந்த படம் அது. வேலை போன ஒருவர் அலுவலகத்துக்கு போன் செய்து, "எங்களைப் பார்த்துச் சிரிக்கிறாரா அவர்?" என்று கேட்டார். அந்தத் தலைவர் சிரித்தது ஆறு மாதத்துக்கு முன்னால், வேறு கட்டுரைக்காக. அவர்மேல் தவறில்லை, தவறு என்னுடையது. அந்தக் குரல் இன்னும் எனக்குக் கேட்கிறது. அன்றிலிருந்து கட்டுரையின் தலைப்பைப் படத்துக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டாமல் நான் எதையும் முடிவு செய்வதில்லை.

1941 டிசம்பர் 30 அன்று கனடாவின் ஒட்டாவாவில் போட்டோகிராபர் யூசுஃப் கார்ஷ், பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலைப் படம் எடுத்தார். வாயில் இருந்த சுருட்டை கார்ஷ் சட்டென்று எடுத்துவிட, முறைத்த முகம் பதிவானது. அடுத்த படத்தில் சர்ச்சில் புன்னகைக்கிறார். அதுவும் நல்ல படம்தான். ஆனால் போர் நடந்துகொண்டிருந்தது, மக்களுக்கு விட்டுக்கொடுக்காத ஒரு முகம் தேவைப்பட்டது. முறைத்த படம்தான் நின்றது. 2016-இல் வந்த ஐந்து பவுண்டு நோட்டிலும் அந்த முகம்தான் இருக்கிறது.

சிரிப்புத்தான் வேண்டும் என்று முடிவானால் வாயைக் கையால் மறைத்துவிட்டுக் கண்ணை மட்டும் பாருங்கள். உதட்டை இழுக்கும் தசை நாம் சொன்னபடி கேட்கும், கண்ணைச் சுற்றியுள்ள தசை அவ்வளவு சுலபமாகக் கேட்காது. பிரெஞ்சு மருத்துவர் டூஷேன் 1862-லேயே இதை எழுதிவிட்டார். கண் சிரிக்கவில்லை என்றால் சிரிக்காத படத்தை எடுங்கள். அரைச் சிரிப்பைவிட அமைதியான முகம் எவ்வளவோ மேல்.

கேள்வி: ஸ்டீவ் ஜாப்ஸ் தாடையில் கை வைத்திருக்கும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் ஒரு வணிக இதழுக்காக எடுத்தது என்கிறார்களே, உண்மையா? அதில் அப்படி என்ன இருக்கிறது?

பதில்: உண்மைதான். 2006-இல் ஃபார்ச்சூன் என்ற அமெரிக்க வணிக இதழுக்காக போட்டோகிராபர் ஆல்பர்ட் வாட்சன் எடுத்தது. ஜாப்ஸுக்குப் படம் எடுத்துக்கொள்வதில் விருப்பம் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. வாட்சன் அவரைச் சிரிக்கச் சொல்லவில்லை. பெரும்பாலான நேரம் கேமராவையே பாருங்கள், மேசைக்கு எதிரே உங்களோடு ஒத்துப்போகாதவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆனால் நீங்கள் சொல்வதுதான் சரி என்று உங்களுக்குத் தெரியும், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி சொன்னதாக அவரே பிறகு பேட்டிகளில் விளக்கியிருக்கிறார். படத்தைப் பாருங்கள், அந்த மேசை அங்கே இருக்கிறது. வெள்ளைப் பின்னணியில் வேறு எதுவுமே இல்லாவிட்டாலும் எதிரே யாரோ உட்கார்ந்திருப்பது நமக்குத் தெரிகிறது.

நான் தேடுவது இதைத்தான். முகம் ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும். கேட்கலாம், மறுக்கலாம், கணக்குப் போடலாம். 'படம் எடுக்கிறார்கள்' என்று காத்துக்கொண்டிருக்கும் முகத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. 2011 அக்டோபரில் ஜாப்ஸ் இறந்தபோது ஆப்பிள் தன் இணையத்தளத்தின் முகப்பில் வைத்ததும் இந்தப் படம்தான். ஓர் இதழின் ஒரு மாதத் தேவைக்காக எடுத்த படம், அவர் முகமாகவே ஆகிவிட்டது. நாம் அவசரத்தில் தேர்ந்தெடுக்கும் படமும் ஒருநாள் அந்த மனிதரின் வீட்டுச் சுவரில் மாலையோடு தொங்கலாம். தேர்வு செய்யும்போது எனக்கு இந்த நினைப்பு வராமல் இருப்பதில்லை.

கேள்வி: ஒருவரைப் பொல்லாதவராகக் காட்டும் படத்தை இதழ் வேண்டுமென்றே தேர்ந்தெடுக்கலாமா?

பதில்: 1963-இல் நியூஸ்வீக் இதழுக்காக போட்டோகிராபர் ஆர்னால்டு நியூமேன், ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் ஆல்ஃப்ரீட் க்ருப் என்ற எஃகுத் தொழிலதிபரை எடுத்தார். இரண்டாம் உலகப் போரில் அடிமைத் தொழிலாளர்களை வதைத்து வேலை வாங்கிய நிறுவனம் அவருடையது. அதற்காக 1948-இல் நியூரம்பெர்க்கில் பன்னிரண்டு ஆண்டுத் தண்டனை பெற்று, 1951-லேயே வெளியே வந்துவிட்டவர் க்ருப். நியூமேன் யூதர். பின்னால் தொழிற்கூடம் தெரிய, இரண்டு பக்கமும் விளக்கு வைத்து, கொஞ்சம் முன்னால் சாயச் சொன்னார். கைகளைக் கோத்துத் தாடைக்கு அடியில் வைத்தபடி சாய்ந்ததும் நிழல் விழுந்து முகம் பேய்போல ஆனது. அந்தப் படத்தைத்தான் நியூமேன் கொடுத்தார்.

நான் அந்தப் படத்தின் பக்கம் நிற்கிறேன். நீதிமன்றப் பதிவில் இருப்பதை விட ஒரு சொல் கூட அது அதிகமாகச் சொல்லவில்லை. ஆனால் வட்டி விகிதம் பற்றிப் பேட்டி கொடுத்த வங்கி அதிகாரியைக் கீழிருந்து விளக்கடித்து, வில்லன் மாதிரி போடுவது அநியாயம். கட்டுரையில் ஆதாரத்தோடு எழுத முடியாத ஒன்றைப் படத்தால் சொல்லக் கூடாது.

கேள்வி: மதுரையில் உணவுப் பொருள் தொழில் நடத்துகிறேன், அக்கா. நான் கறுப்பு. இதழில் வந்த படத்தில் என்னை வெளுத்துவிட்டார்கள். என் அம்மாவுக்கே என்னை அடையாளம் தெரியவில்லை. நல்லெண்ணத்தில் செய்தோம் என்கிறார்கள்.

பதில்: இதைப் படித்ததும் மனது கஷ்டமாகிவிட்டது. இது நல்லெண்ணம் இல்லை, தப்பு. 1994 ஜூனில், கொலை வழக்கில் கைதான கறுப்பின அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்சனின் போலீஸ் படத்தை டைம் இதழ் இருட்டாக்கி அட்டையில் போட்டது. அதே வாரம் நியூஸ்வீக் அதே படத்தை மாற்றாமல் போட்டது. கடையில் இரண்டும் பக்கத்தில் இருந்ததால் ஊருக்கே தெரிந்துபோய் பெரிய கண்டனம் எழுந்தது. அங்கே இருட்டாக்கினார்கள், நம் ஊரில் வெளுக்கிறார்கள். இரண்டுமே அந்த ஆளை அழிப்பதுதான்.

தொழில்நுட்பக் காரணமும் சிலர் சொல்வார்கள். நான்கு மை அச்சில் கறுத்த சருமத்துக்கு மஜந்தா என்ற சிவப்பு மை கொஞ்சம் ஏறினாலும் முகம் செம்மண் நிறமாகிவிடும், கறுப்பு மை ஏறினால் விவரம் மூழ்கிவிடும். இதற்கு மையைச் சரி செய்ய வேண்டும், முகத்தை அல்ல. கறுத்த முகத்தின் அழகே கன்ன எலும்பிலும் நெற்றியிலும் ஒளி வழுக்கி நிற்கும் இடத்தில் இருக்கிறது. வெளுத்தால் முதலில் போவது அதுதான். அடுத்த முறை படம் எடுக்கும்போதே, "என் நிறத்தை மாற்றக் கூடாது" என்று மின்னஞ்சலில் எழுதிக் கொடுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

கேள்வி: நான் லேஅவுட் டிசைனர். போட்டோகிராபர் கொடுக்கும் 'பெஸ்ட்' படம் அட்டையில் உட்காரவே மாட்டேன் என்கிறது.

பதில்: ஏனென்றால் தலைக்கு மேல் இடம் விடாமல் எடுத்திருப்பார். இதழின் பெயர் வர மேலே இடம் வேண்டும், தலைப்புகளுக்கு ஒரு பக்கம் காலியாக வேண்டும். ஷூட்டுக்கு முன்பே வெற்று அட்டை மாதிரியை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். ஏ4 அட்டைக்கு, வெட்டுக்கு ஒவ்வொரு பக்கமும் விடும் 3 மில்லிமீட்டரையும் சேர்த்து, 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) சுமார் 2550க்கு 3580 பிக்சல் வேண்டும். 24 மெகாபிக்சல் கேமராவில் படுக்கை வாட்டில் எடுத்த படத்தின் உயரம் 4000 பிக்சல்தான். அதிலிருந்து நெடுக்கு அட்டையை வெட்டினால் உயரத்தில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. உள்ளே இரண்டு பக்கப் படம் என்றால் முகம் நடு மடிப்பில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மூக்குக் கண்ணாடியில் விளக்கு மின்னுகிறது. மற்றபடி அருமையான படம்.

பதில்: கண்மணியை மறைக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மறைக்காவிட்டால் விட்டுவிடலாம். மறைத்தால் அதே நிலையில் எடுத்த வேறு ஃப்ரேமைத் தேடுங்கள்.

கேள்வி: ரீடச் எந்த அளவுக்குச் செய்யலாம்?

பதில்: இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடக் கூடியதை எடுக்கலாம். பரு, சவரக் காயம், தூங்காத கண்ணின் வீக்கம். மச்சம், தழும்பு, நரை, சுருக்கம் எல்லாம் அவருடையவை, கை வைக்கக் கூடாது.

கேள்வி: இதழ் எடுத்த படத்தை என் நிறுவனத்தின் இணையத்தளத்தில் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கேட்காமல் போடாதீர்கள். முகம் உங்களுடையது என்பதால் படம் உங்களுடையதாகிவிடாது. இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், படத்தின் முதல் உரிமையாளர். இங்கே பணம் கொடுத்தது இதழ். போட்டோகிராபரோடு அவர்கள் வேறு ஒப்பந்தமும் வைத்திருக்கலாம். எழுத்தில் அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள். படம் எடுத்தவர் பெயரையும் கூடவே போடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. ஐம்பது வருடமாக அச்சகம் நடத்துகிறார். முதல் முறையாக ஓர் இதழ் அவரைப் பற்றி எழுதுகிறது. எல்லாப் படத்திலும் பள்ளிக்கூடத்தில் நிற்பதுபோல விறைப்பாக நிற்கிறார். ஒரே ஒரு படத்தில் மட்டும் கேமராவைப் பார்க்காமல், அச்சான தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார். சட்டையில் மை வேறு. அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை, கோட் போட்ட படம்தான் வேண்டும் என்கிறார்.

பதில்: அப்பா ஆசையாகக் கோட் போட்டிருக்கிறார், அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் படத்தை உள்ளே சின்னதாக, அவருடைய பெயரும் வயதும் வரும் பெட்டியில் போடச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு விறைப்பான முகம் பொருந்தும்.

பெரிய படம் அந்தத் தாளைப் பார்ப்பதுதான். அவரிடம் "இது நன்றாக இருக்கிறது" என்று சொல்லிப் பயனில்லை. படத்தைக் காட்டி, "அந்தத் தாளில் என்ன தப்பு இருந்தது, அப்பா?" என்று கேளுங்கள். சொல்ல ஆரம்பிப்பார். அவர் சொல்வதை அப்படியே எழுதி இதழுக்கு அனுப்புங்கள், படத்துக்குக் கீழே போடுவதற்கு.