மஞ்சள் தண்ணீருக்கு மருந்து தெளிக்க முடியாது

கேள்வி: ஐயா, வாலாஜா வட்டத்தில் பாலாற்றங்கரையை ஒட்டி எனக்கு இரண்டரை ஏக்கர் நிலம். கிணற்றுப் பாசனம். சொர்ணவாரிப் பருவ நெல் நட்டு ஒரு மாதமாகிறது. இலை நுனி கருகி, பயிர் குட்டையாகவே நிற்கிறது. கடைக்காரர் சொன்னபடி துத்தநாக சல்பேட்டும் ஹியூமிக் திரவமும் இரண்டு முறை கொடுத்தேன், பலன் இல்லை. இப்போது ஜிப்சம் போடச் சொல்கிறார். கோடையில் தண்ணீர் இறங்கினால் கிணறு மஞ்சளாகத் தெரிகிறது. நடவுக்கு வந்த பெண்கள் கால் அரிக்கிறது என்றார்கள். மாடுகளும் இதைத்தான் குடிக்கின்றன. மேற்கே மூடிக்கிடந்த ஒரு கெமிக்கல் கம்பெனி இடத்தை மனை போடுவதற்காக மூன்று வருடம் முன்பு லாரி லாரியாக எதையோ கொட்டி மேடாக்கினார்கள். ஏக்கருக்கு எத்தனை மூட்டை ஜிப்சம் போடலாம்?

பதில்: ஒரு மூட்டையும் வேண்டாம். ஜிப்சம் களர் நிலத்துக்கு நல்ல பொருள்தான். மண்ணில் சோடியம் மிகுந்திருந்து, அதைக் கழுவி வெளியேற்ற நல்ல தண்ணீரும் வடிகாலும் இருந்தால் அது வேலை செய்யும். உங்களிடம் நல்ல தண்ணீர் இல்லை என்பதுதானே பிரச்சினையே. குரோமியத்தை ஜிப்சம் தொடக்கூடத் தொடாது.

ஆமாம், என் சந்தேகம் குரோமியம். நீங்கள் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதிய மூன்று வரிகள்தான் எனக்கு முதல் வரிகள்: மஞ்சள் தண்ணீர், கால் அரிப்பு, லாரி மண். தோல் பதனிடப் பயன்படுத்தும் குரோம் உப்பு பச்சை கலந்த நீலம். மஞ்சளாக இருப்பது அதன் விஷம் மிகுந்த உறவுக்காரன், ஹெக்சாவேலண்ட் குரோமியம். குரோம் தாதுவைச் சோடா சாம்பலோடு வறுத்து குரோமேட் எடுக்கும் ஆலைகளின் கசடில் அது மிச்சமிருக்கும். மழை நீரில் எளிதாகக் கரைந்து மணலுக்குள் தண்ணீரோடு தண்ணீராக நடக்கும். இராணிப்பேட்டையில் 1990-களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவுமேடு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் என்பது உங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. உங்கள் மேற்கு மேட்டில் கொட்டியது ஏரி மண்ணா, கட்டட இடிபாடா, கசடா? இதைத்தான் நீங்கள் என்னிடம் கேட்டிருக்க வேண்டும்.

இன்றே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மாடுகளுக்கும் வீட்டுக்கும் இந்தத் தண்ணீரை நிறுத்துங்கள். குடிநீரில் குரோமியத்துக்கு வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். கண்ணுக்கு மஞ்சள் தெரிகிறது, அதற்குக் காரணம் குரோமியம்தான் என்றால், வரம்பைப் பல மடங்கு தாண்டியாகிவிட்டது. கொதிக்க வைத்தால் போகாது, இன்னும் செறிவாகும். படிகாரமும் உதவாது. களையெடுக்க இறங்குபவர்களுக்கு முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். புண் இருப்பவர்கள் வயலில் இறங்கவே வேண்டாம்.

சந்தேகத்தைக் கொஞ்சம் கெட்டிப்படுத்த ஒரு வழி. தெளிவான கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் பிடித்து, ஓர் இரவு அசைக்காமல் வையுங்கள். காலையில் வெள்ளைத் தாளுக்கு முன்னால் தூக்கிப் பாருங்கள். களிமண்ணோ இரும்புத் துருவோ என்றால் அடியில் படிந்து மேலே தெளிந்திருக்கும். படிவே இல்லாமல், அடி முதல் கழுத்து வரை ஒரே சீரான எலுமிச்சை மஞ்சள் என்றால் ஆய்வகத்துக்கு ஓடுங்கள்.

எந்த ஆய்வகம் என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மண்வள அட்டையைக் காட்டி 'மண் நன்றாகத்தானே இருக்கிறது' என்பார்கள். அதில் இருப்பது 12 விவரங்கள்: தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், ஐந்து நுண்ணூட்டங்கள், அமில காரத் தன்மை, உப்பு, கரிமம். குரோமியம் அதில் கிடையாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஆய்வகத்திலோ, ஆய்வகங்களின் தரத்துக்குச் சான்று தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்திலோ, மொத்த குரோமியம், ஹெக்சாவேலண்ட் குரோமியம் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். கூடவே உப்பின் அளவு, சோடியம், குளோரைடு. புது பிளாஸ்டிக் பாட்டில், ஐஸ் பெட்டி, 24 மணி நேரத்துக்குள் ஒப்படைப்பு. நாள்பட்ட மாதிரியில் வரும் எண்ணுக்கு மதிப்பில்லை.

இனி நான் யாரைப் பார்த்தாலும் சொல்லிச் சலிப்பேற்றும் விஷயத்துக்கு வருகிறேன். ஒரே கிணற்றில் ஒரே நாள் எடுத்த மாதிரி எதையும் நிரூபிக்காது. ஆற்றங்கரை நிலத்தில் நிலத்தடி நீர் ஒரே பக்கமாக ஓடுவதில்லை. பாலாறு காய்ந்து கிடக்கும்போது நிலத்துத் தண்ணீர் ஆற்றுப் பக்கம் வடியும். ஆற்று மணலில் பெரிய மோட்டார் ஓடினால் அந்தப் பக்கம் இழுக்கும். 2021 நவம்பர் மாதிரி வெள்ளம் வந்தால் ஆறு நிலத்துக்குள் தண்ணீரைத் தள்ளும். நீர்மட்டம் ஏறி மேட்டின் அடிவயிற்றைத் தொட்டால், அதுவரை சும்மா கிடந்த கசடும் கரையத் தொடங்கும். அதனால் சில கிணறுகளில் மழைக்குப் பிறகு மஞ்சள் குறையும், சிலவற்றில் கூடும். மே மாதம் ஒன்று, டிசம்பரில் ஒன்று என்று இரண்டு முறை பார்க்காமல் யார் முடிவு சொன்னாலும் நம்பாதீர்கள், அவர் எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் சரி.

தண்ணீர் எந்தத் திசையில் வருகிறது என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். உங்கள் கிணறு, மேட்டுக்குப் பக்கத்துக் கிணறு, ஆற்றுப் பக்கத்துக் கிணறு என முக்கோணமாக அமைந்த மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய மாலை முதல் மூன்றிலும் மோட்டார் ஓடக் கூடாது. விடியற்காலையில் கல் கட்டிய டேப்பை இறக்கி, விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை அளந்து எழுதுங்கள். ஆனால் மூன்று விளிம்பும் ஒரே உயரத்தில் இருக்காதே! கொத்தனாரிடம் உள்ள டியூப் லெவலை (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) வாங்கி, கம்பு நட்டு நட்டு நகர்த்தி விளிம்புகளின் உயர வித்தியாசத்தைக் கழித்துவிடுங்கள். நீர்மட்டம் உயர்ந்த கிணற்றிலிருந்து தாழ்ந்த கிணற்றுப் பக்கம்தான் ஓட்டம். மேட்டுப் பக்கம் மட்டம் உயர்ந்து, மஞ்சளும் அங்கே அடர்ந்து, உங்களிடம் வரும்போது வெளிறினால் படம் கிடைத்துவிட்டது. செலவு ஒரு நாள் கொத்தனார் கூலி. இதைச் செய்யாமல் அறிக்கை எழுதும் ஆலோசனைக் கம்பெனிகளும் உண்டு.

மண்ணையும் எடுங்கள். வெள்ளம் விட்டுப்போன வண்டல் தனியே தெரிந்தால் அது ஒரு பை, அதன் கீழே அரை அடி ஒரு பை, இரண்டடி ஆழத்தில் ஒரு பை. கலந்துவிடாதீர்கள். மேட்டைத் தோண்ட மட்டும் போகாதீர்கள், அந்தத் தூசு மூக்குக்குள் போகக் கூடாது.

உங்கள் கடைக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. நுனி கருகிய இலையைப் பார்த்ததும் துத்தநாகம் என்றார். துத்தநாகக் குறையில் இலை மேல் துருப் புள்ளி வரும். நுனி கருகுவது பெரும்பாலும் உப்பு. ஒரு குத்தைப் பிடுங்கி வேரைக்கூட அவர் பார்க்கவில்லை. வேர் குட்டையாகப் பழுப்பேறி இருந்தால் எந்தத் தெளிப்பும் காசைத் தண்ணீரில் கரைப்பதுதான். அடுத்து 'டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த உப்பு) குறைக்கும்' காந்தக் குழாய் விற்க வருவார், பாருங்கள். அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) குரோமியத்தை அடக்கும் என்று யாராவது சொல்வார்கள். வேதியியல்படி உண்மை, சுத்திகரிப்புத் தொட்டியில் செய்கிறார்கள். அதற்காக மூட்டையைப் பிரித்துக் கிணற்றில் கொட்டிவிடாதீர்கள். தொழு உரமும் மண்ணில் இருக்கும் ஹெக்சாவேலண்ட் குரோமியத்தைத் தீங்கு குறைந்த வடிவுக்கு மாற்றும், நிறையப் போடலாம். ஆனால் பம்பில் புது விஷம் வந்துகொண்டே இருந்தால் எத்தனை வண்டி எரு போட்டாலும் ஈடாகாது.

முடிவு கைக்கு வந்ததும் மாவட்ட விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, ஒப்புதல் சீட்டு வாங்குங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளர் உங்கள் முன்னிலையில் மாதிரி எடுக்க வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் அறிவித்தது உங்கள் வேலூர் தோல் ஆலைகள் வழக்கில்தான். 2025 ஜனவரியில் அதே பாலாற்றுப் பிரச்சினையில், பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு முதலில் இழப்பீடு கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்கச் சொன்னது. அங்கெல்லாம் பேசுவது தேதி போட்ட தாள்தான். மனை விலை போய்விடும் என்று அக்கம்பக்கத்தார் தடுப்பார்கள். அந்த மூன்று கிணற்றுக்காரர்களையும் முதலிலேயே உட்கார வைத்துப் பேசிவிடுங்கள்.

நிற்கும் நெல்லுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். அறுவடையானால் அரிசியிலும் வைக்கோலிலும் சோதனை முடியும் வரை வீட்டுக்கோ மாட்டுக்கோ எடுக்காதீர்கள். சம்பா விதைநெல் இப்போதே வாங்க வேண்டாம். கிணற்றுத் தண்ணீர்ச் சோதனை முடிவுகளும் டேப் அளவுகளும் வந்ததும், தேதியோடு எனக்கு அனுப்புங்கள்.