ரேட்போர்ன் ஜெயித்தது 59ஆ, 60ஆ?

கேள்வி: கல்லூரி வினாடி வினாவுக்குக் கேள்வி தயாரிக்கிறேன். பேஸ்பாலில் ஒரே சீசனில் அதிக வெற்றி பெற்ற பிட்சர் (பந்து வீசுபவர்) 'ஓல்ட் ஹாஸ்' ரேட்போர்ன், ஆண்டு 1884. இதில் குழப்பமில்லை. ஆனால் ஓரிடத்தில் 59 என்றும் இன்னோரிடத்தில் 60 என்றும் போட்டிருக்கிறார்கள். எதை விடையாக வைப்பது?

பதில்: இரண்டுமே அச்சுப்பிழை இல்லை. வழக்கு ஒரே ஒரு ஆட்டத்தின் மேல்தான்.

கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு, அணியின் வெற்றியை ஒரு பவுலர் பேரில் எழுதுவதே விநோதம். பேஸ்பாலில் ஒவ்வொரு ஆட்டத்தின் வெற்றியும் தோல்வியும் யாராவது ஒரு பிட்சர் தலையில் விழும். இன்றைய விதிப்படி, ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஐந்து இன்னிங்ஸ் முடித்து, அணி முன்னிலையில் இருக்கும்போது விலகி, அந்த முன்னிலை கடைசிவரை கைநழுவாமல் இருந்தால் வெற்றி அவருக்கு. இதை எழுத்தில் வைத்ததே 1950இல்தான். அதுவரை பெரும்பாலும் ஸ்கோரர் வைத்ததுதான் சட்டம்.

இப்போது 1884 ஜூலை 28க்கு வாருங்கள். ரேட்போர்னின் பிராவிடன்ஸ் அணிக்காக, ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் முதல் ஐந்தை சைக்ளோன் மில்லர் வீசினார். அணி 7-4 என்று முன்னிலைக்கு வந்ததும் ரேட்போர்ன் பந்தை வாங்கினார். மீதி நான்கு இன்னிங்ஸில் எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கிடைக்கவில்லை, ஆட்டம் 11-4. நன்றாக வீசியவர் இவர்தானே என்று ஸ்கோரர் வெற்றியை ரேட்போர்னுக்கே எழுதிவிட்டார். இன்றைய விதியைப் பொருத்தினால் அது மில்லருக்குப் போகும். அப்போது 59.

என்னைக் கேட்டால் 60தான். அன்று இல்லாத விதியை அறுபத்தாறு வருஷம் பின்னால் கொண்டுபோய் மாட்டுவது சரியாகப் படவில்லை. ஆனால் மேடையில் தகராறு வேண்டாமென்றால் எண்ணைக் கேட்காதீர்கள், ஆளைக் கேளுங்கள்.

அப்புறம், இந்த எண்ணை இன்றைய பிட்சர்களோடு ஒப்பிட்டுக் கேள்வி வைக்காதீர்கள். அன்று பந்து வீசிய தூரம் 50 அடி. இன்றைய 60 அடி 6 அங்குலம் வந்தது 1893இல். ஜூலையில் சக பிட்சர் சார்லி ஸ்வீனி அணியை விட்டே போய்விட, மிச்ச சீசனின் சுமை பெரும்பாலும் ரேட்போர்ன் தோளில் ஏறியது. அவர் தொடங்கிய 73 ஆட்டங்களையும் அவரே முடித்தார். அணி ஜெயித்ததே மொத்தம் 84.

இதே கணக்கு எதிர்த்திசையிலும் ஓடும். 1883இல் ஃபிலடெல்ஃபியாவின் ஜான் கோல்மன் 12 வெற்றி, 48 தோல்வி. அந்த அணி 17 ஆட்டம் ஜெயித்து 81 தோற்றது. அப்படிப்பட்ட அணிக்குத் திரும்பத் திரும்ப வீசினால் யாருக்கும் தோல்வி குவியத்தான் செய்யும். 48ஐ யாரும் தொட்டதில்லை, அதில் 59, 60 தகராறும் கிடையாது. உங்கள் வினாடி வினாவுக்கு அது இன்னும் நல்ல கேள்வி.