தேர்தல் பொதுக்கூட்டத்தில் எனக்குக் கிடைத்த வேலை: நாற்காலிக் கணக்கு

கட்சி உறுப்பினராக இல்லாத ஒருவர் தேர்தல் பிரசாரக் கூட்டத்தில் தன்னார்வலராகப் பணியாற்ற முடியுமா, அப்படிச் சேர்ந்தால் என்ன வேலை தருவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். நீங்கள் அரசு ஊழியராக இருக்கக் கூடாது. பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். சிறுவர்களைப் பிரசாரப் பணிகளில் எந்த வகையிலும் ஈடுபடுத்தக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் கண்டிப்பான உத்தரவு என்பதால், எங்களோடு கொடி கட்ட வந்த பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனை வீட்டுக்குத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. என்ன வேலை தருவார்கள் என்ற கேள்விக்கு மட்டும் சற்று நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

2024 மக்களவைத் தேர்தலின்போது நான் கன்னியாகுமரி மாவட்டத்தின் தக்கலை வட்டாரத்தில் ஒரு கட்சிக்காக வேலை செய்தேன். எந்தக் கட்சி என்பது இந்தப் பதிலுக்குத் தேவையில்லை. அந்தத் தேர்தலில் எங்கள் மாவட்டத்துக்கு ஒரு தனிச் சங்கடம் இருந்தது. மார்ச் 29 புனித வெள்ளி, 31 ஈஸ்டர், நடுவில் 30ஆம் தேதிதான் வேட்புமனு வாபஸ் முடிந்து இறுதிப் பட்டியல் வெளியானது. கடற்கரை ஊர்களிலும் மேற்குப் பக்கத்துத் தேவாலயப் பங்குகளிலும் அந்த வாரத்தில் மைக் கட்டிக்கொண்டு போனால் கிடைக்கிற வாக்கும் போய்விடும் என்பது எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் தெரியும். ஆகவே ஏப்ரல் 17 மாலை ஆறு மணிக்குப் பிரசாரம் ஓய்வதற்குள் கிடைத்த பதினேழு பதினெட்டு நாட்களில் எல்லாவற்றையும் திணித்தார்கள். ஆள் பற்றாக்குறை அப்படித்தான் வந்தது. என்னைப் போன்றவர்களுக்குக் கழுத்தில் அட்டை மாட்டிவிட்டதும் அதனால்தான்.

வாக்காளர்களிடம் பேசச் சொல்வார்கள், துண்டறிக்கை எழுதச் சொல்வார்கள் என்றெல்லாம் எண்ணிக்கொண்டு போனேன். ஒன்றியப் பொறுப்பில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தம்பி படிச்ச பிள்ளையாக்கும், கணக்கு ஒழுங்கா வரும், நாற்காலியப் பாத்துக்கட்டும்" என்றார். ஆயிரம் பிளாஸ்டிக் நாற்காலிகள் வாடகைக்கு வந்து இறங்கின. அவற்றை எண்ணி வாங்க வேண்டும், வரிசையாகப் போட வேண்டும், கூட்டம் முடிந்ததும் எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இது எவ்வளவு பெரிய வேலை என்பது மாலை நான்கு மணிக்குத் தேர்தல் ஆணையத்தின் வீடியோ கண்காணிப்புக் குழு வந்தபோதுதான் புரிந்தது. கேமரா வைத்திருந்தவர் மேடையைக் கூட அவ்வளவு நேரம் படம் பிடிக்கவில்லை. நாற்காலி வரிசைகளையும் வாகனங்களின் பதிவு எண்களையும் ஒலிபெருக்கிகளையும்தான் நிதானமாகப் பிடித்தார். நாற்காலி, பந்தல், தண்ணீர் பாட்டில், சாயா என்று ஒவ்வொன்றுக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலர் நிர்ணயித்த விலைப்பட்டியல் ஒன்று இருக்கிறது. நாம் கணக்கில் என்ன எழுதினாலும், அந்தக் காட்சிப் பதிவைப் பார்த்து அவர்கள் தனியாக ஒரு நிழல் பதிவேட்டில் எழுதிவைப்பார்கள். அந்தத் தேர்தலில் மக்களவை வேட்பாளருக்குச் செலவு உச்சவரம்பு 95 லட்சம் ரூபாய், சட்டமன்ற வேட்பாளருக்கு 40 லட்சம். அந்த முறை விளவங்கோடு சட்டமன்றத் தொகுதிக்கும் சேர்த்து இடைத்தேர்தல் நடந்ததால் இரண்டு கணக்கையும் சுமந்தபடிதான் எங்கள் மாவட்டக் கட்சி அலுவலகங்கள் அலைந்தன.

கட்சி தேர்தல் ஆணையத்திடம் கொடுக்கும் நட்சத்திரப் பேச்சாளர் பட்டியலில் இருக்கும் ஒருவர் தொகுதிக்கு வந்து போகும் பயணச் செலவு வேட்பாளர் கணக்கில் சேராது. ஆனால் வேட்பாளர் அவரோடு ஒரே மேடையில் ஏறிவிட்டால் கூட்டச் செலவு வேட்பாளரின் தலையில் விழும். இரண்டு மூன்று வேட்பாளர்கள் ஏறினால் அவர்களுக்குள் பங்கு பிரிக்கப்படும். கூட்டம் தொடங்கும் முன்பு மேடைக்குப் பின்னால் ஒரு வழக்கறிஞரும் பொருளாளரும் அரை மணி நேரம் தணிந்த குரலில் வாதாடிக்கொண்டிருந்தது கொள்கையைப் பற்றியல்ல, யார் யார் மேடையேறுவது என்பதைப் பற்றித்தான். மேடையில் நடப்பதைக் கீழிருந்து பார்க்கும் நமக்கு மரியாதைக் குறைவாகத் தெரிகிற பல விஷயங்களுக்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கலாம் என்று அன்றிலிருந்து நினைத்துக்கொள்கிறேன்.

ஐந்து மணிக்குக் குலசேகரம், திருவட்டார் பக்கத்திலிருந்து வேன்களில் ஆட்கள் வந்தார்கள். பாதிப் பேர் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள். மூன்றாவது வரிசையில் அமர்ந்த ஒரு பாட்டி என் கழுத்து அட்டையைப் பார்த்துவிட்டு, "மக்களே, உனக்கு எவ்வளவு குடுத்தாங்க?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை, நானாக வந்தேன் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம்தான் அதிகம் இருந்தது. காசு கொடுத்து ஆள் சேர்ப்பதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஒரு நாள் மாலையை விட்டுவிட்டு வந்தவர் அதற்கு என்ன கிடைக்கும் என்று கேட்பதில், கொள்கை பேசிக்கொண்டு வந்த என்னைவிட அவரிடம் தெளிவு இருந்தது என்றுதான் இன்றும் தோன்றுகிறது.

ஆறு மணிக்கு வர வேண்டிய பேச்சாளர் எட்டு மணியாகியும் வரவில்லை. உள்ளூர்ப் பேச்சாளர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் நேரத்தைக் கடத்தினார்கள். எட்டரை மணிக்கு எங்கள் ஊர்க் கோடைமழை இடியோடு இறங்கியது. மேடைக்கும் முதல் சில வரிசைகளுக்கும் மட்டுமே பந்தல் இருந்தது. அடுத்த நிமிடம் மைதானத்தில் ஒருவர் தலையும் தெரியவில்லை, கவிழ்த்த நாற்காலிகள்தான் தெரிந்தன. பிறகு அந்த நாற்காலிகள் நடக்க ஆரம்பித்தன. வாசலில் நின்று, "அண்ணே, நாற்காலிய வச்சிட்டுப் போங்க" என்று கத்திய என் குரல் இடியில் எனக்கே கேட்கவில்லை.

பேச்சாளர் ஒன்பதரைக்கு வந்தார். மழை விட்டிருந்தது, மைதானத்தில் கால்வாசிப் பேர் இருந்தார்கள். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதால், ஆய்வாளர் மேடையருகே வந்து கைக்கடிகாரத்தைக் காட்டியதும் பேச்சைப் பாதியில் முடித்துக் கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறிவிட்டார். அவர் பேசியதில் ஒரு வாக்கியமும் எனக்கு நினைவில்லை. நான் அந்நேரம், வேன் ஓட்டுநர்களில் இருவரைக் காணாமல் தேடிக்கொண்டிருந்தேன். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போக வேண்டியவர்கள் ஈரத்துணியோடு சாலையோரத்தில் நின்றார்கள்; கடைசிப் பேருந்தும் போய்விட்டிருந்தது. அவர்களை ஏற்றி அனுப்பி முடிக்கப் பதினொன்றரை ஆகிவிட்டது. கூட்டத்துக்கு ஆள் கொண்டுவர நான்கு பேரைப் பொறுப்பாக்கியிருந்த நிர்வாகிகள், திருப்பி அனுப்ப ஒருவரையும் நியமித்திருக்கவில்லை. நீங்கள் எந்தக் கட்சிக்குப் போனாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: வந்தவர்கள் வீடு போய்ச் சேர யார் பொறுப்பு? பதில் வராவிட்டால் அந்த வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

இரவு எண்ணியபோது 37 நாற்காலிகள் குறைந்தன. நிர்வாகி ஒருவர், "கணக்கு ஒழுங்கா வரும்னுதானே உன்கிட்ட குடுத்தோம்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். காலையில் பேருந்து நிறுத்தத்துக்குப் போனேன். அங்கிருந்த சாயாக் கடையின் சாய்ப்புக்குக் கீழே நாற்காலிகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. மழைக்குக் குடையாகக் கொண்டுவந்தவர்கள் பேருந்து ஏறும்போது அங்கேயே விட்டுப் போயிருக்கிறார்கள். "எண்ணிப் பாரு மக்களே, நாப்பத்தொண்ணு உண்டு" என்றார் கடைக்காரர்.

அதாவது நான்கு அதிகம். வாடகைக்காரர் தன் பெயர் எழுதியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டார். மீதி நான்கின் முதுகில் பக்கத்துக் குருசடியின், அதாவது சிலுவை வைத்த சிறு வழிபாட்டிடத்தின், பெயர் இருந்தது. காவலுக்கு வந்த போலீஸ்காரர்கள் உட்காருவதற்காக யாரோ கேட்டு வாங்கி வந்தவையாம். வீடியோவில் அவையும் பதிவாகியிருக்கும், எங்கள் கணக்கில் ஏறியிருக்கும். இரண்டிரண்டாகத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அங்கிருந்த பெரியவர் துணியால் துடைத்து உள்ளே வைத்துவிட்டு, கூட்டம் நல்லா நடந்துதா என்று கேட்டார்.