கரிக்கட்டிக்குள் மகரந்தம்

கேள்வி: வர்க்கலைக் கடற்கரைக்குப் போயிருந்தபோது, செங்குத்து மேட்டின் அடியில் கிடந்த கறுப்புக் கட்டி ஒன்றைக் கையில் எடுத்தேன், விரலிடையே பொடிந்தது. அது பழுப்பு நிலக்கரி என்றும், பல லட்சம் ஆண்டுக்கு முந்தைய மகரந்தம் அதில் இருக்கும் என்றும் உடன்வந்த ஆசிரியர் சொன்னார். எங்கள் வீட்டுத் தென்னம்பாளையின் தூள் ஒரு மழைக்குத் தாங்குவதில்லையே, இது எப்படி?
– வாசகி, பாறசாலை

பதில்: ஆசிரியர் காலக்கணக்கில் சற்றுக் கஞ்சத்தனம் காட்டிவிட்டார். வர்க்கலைப் படிவு மயோசீன் காலத்தது, அக்காலம் 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது.

உங்கள் தென்னம்பாளையின் தூளும் மழையில் கரைந்துபோவதில்லை, அடித்துச் செல்லப்படுகிறது. அதன் உள்ளிருக்கும் உயிர்ப்பொருள் விரைவில் கெட்டுவிட்டாலும், புறவுறையாகிய ஸ்போரோபொலெனினை அமிலங்கள்கூட எளிதில் கரைப்பதில்லை. காற்றோட்டமுள்ள மண்ணில் அதுவும் நாளடைவில் சிதையும். நீர் தேங்கிய சதுப்பில், ஆக்சிஜன் எட்டாத சேற்றில் விழுந்தால், மரமும் இலையும் கரியாக மாறிய பின்னும் உறை அப்படியே நிற்கும். அதை அழிக்கவல்லது வெப்பம். சூடு ஏற ஏற மஞ்சள் உறை பழுப்பாகி, பின் கறுத்துவிடும். பழுப்பு நிலக்கரி அவ்வளவு சூடு காணாதது என்பதால், அதில் கிடைக்கும் உறைகள் பெரும்பாலும் மஞ்சள் நிறம் மாறாதிருக்கின்றன.

ஆய்வகத்தில் முதலில் கட்டியின் மேற்பரப்பைச் சுரண்டி எறிவார்கள். இல்லையேல் இன்றைய தென்னை மகரந்தமும் ஆதிகாலத்துக் கணக்கில் சேர்ந்துவிடும். கலந்திருக்கும் மணலையும் களிமண்ணையும் ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தால் கரைப்பார்கள். அது கண்ணாடியையே தின்னும் என்பதால் பிளாஸ்டிக் பாத்திரம்தான். (வீட்டில் முயன்றுவிடாதீர்கள்.) கரிப்பொருளை நைட்ரிக் அமிலத்தாலும் காரத்தாலும் நீக்கினால், எஞ்சுவதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். பெரும்பாலான துகள்கள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருப்பதில்லை.

பூக்காத செடிகளான பெரணிகள் மகரந்தத்துக்குப் பதில் ஸ்போர் எனும் இனப்பெருக்கத் துகள்களை உதிர்க்கும். அவற்றில் பலவற்றில், முச்சந்தியைப் போல மூன்று கோடுகள் கூடும் தழும்பு ஒன்று தெரியும். நான்கு ஸ்போர்கள் ஒட்டிப் பிறந்து பிரிந்ததன் அடையாளம் அது. இப்படி உருவத்தைக் கொண்டு செடியின் குடும்பத்தை அறியலாம். கண்டல் மரங்களின் மகரந்தம் மிகுந்திருந்தால், அருகே உப்பங்கழி இருந்ததென ஊகிக்கலாம். ஆனால் எண்ணிக்கையை மட்டும் நம்பிக் காட்டை வரைவது பிழை: காற்றை நம்பும் மரம் தூளை வாரி இறைக்கும், பூச்சியை நம்பும் மரம் சிக்கனமாகவே தரும்.

அடுத்த முறை போனால் மேட்டின் அடியில் நிற்க வேண்டாம். அது அடிக்கடி சரிகிறது.